ஹாஸ்கெலில் லூப்: ரிகர்ஷனா, ஃபோல்டா?

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில், சி, ஜாவாவில் இருப்பதுபோல் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார், வைல் லூப் எதுவும் மொழியோடு வராது. சரி, ஒரு லிஸ்ட்டில் உள்ள எண்களை எப்படிக் கூட்டுவது?

ஒரு வழி ரிகர்ஷன், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைப்பது. காலி லிஸ்ட் என்றால் விடை 0. இல்லையென்றால் முதல் எண்ணோடு மீதி லிஸ்ட்டின் கூட்டுத்தொகையைச் சேர். [1, 2, 3] கொடுத்தால் 1 + (2 + (3 + 0)) என்று விரிந்து 6 வரும். ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிவதால், புதிதாகப் படிப்பவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். காலி லிஸ்ட்டுக்கான வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். மறந்தால் ஓடும்போது பிழை காட்டி நின்றுவிடும்.

இன்னொரு வழி ஃபோல்ட், அதாவது லிஸ்ட் முழுவதையும் ஒரே விடையாகச் சுருக்கித் தரும் தயார் ஃபங்ஷன். இதில் அந்தக் கவலையே இல்லை. கூட்டல், 0, லிஸ்ட் மூன்றையும் கொடுத்தால் போதும். சுற்றுவதை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் எந்த ஃபோல்ட் என்பது முக்கியம். சாதாரண ஃபோல்ட்-எல் கூட்டலை உடனே செய்யாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும். பெரிய லிஸ்ட்டில் மெமரி எகிறிவிடலாம். பெயரின் கடைசியில் ஒற்றை மேற்கோள்குறி போட்ட ஃபோல்ட்-எல் அவ்வப்போதே கணக்கை முடித்துவிடும். கூட்டலுக்கு அதையே எடுங்கள்.

இரண்டு மூன்று நிபந்தனைகள் பார்த்துப் பாதியில் நிற்க வேண்டிய தேடலுக்கு ரிகர்ஷன்தான் எனக்குச் சுலபம்.