கிபாலே சிம்பன்சி நடை: 250 டாலருக்கு ஒரு மணி நேரம்

மேற்கு உகாண்டாவில் உள்ள கிபாலே தேசியப் பூங்காவின் கன்யாஞ்சு முகாமிலிருந்து கிளம்பி, காட்டுச் சிம்பன்சிகளைத் தேடிப் பார்க்கும் நடைக்கு வெளிநாட்டவர் கட்டவேண்டிய பர்மிட் தொகை 250 டாலர். சிம்பன்சிகளோடு இருக்க விடுவது ஒரே ஒரு மணி நேரம். தேடி நடக்கும் நேரம் இதில் சேராது. கூட்டம் கண்ணில் பட்ட பிறகுதான் கைடு மணி பார்ப்பார். விலை கொஞ்சம் உறைக்கும். ஆனாலும் காட்டுச் சிம்பன்சியைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு இதையே தயங்காமல் சொல்லலாம். சுமார் 795 சதுர கிலோமீட்டர் காட்டில் ஏறத்தாழ 1,500 சிம்பன்சிகள் இருக்கின்றன. அதோடு கன்யாஞ்சுக் கூட்டத்தை மனிதர்களுக்குப் பழக்கும் வேலை 1990களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஆளைக் கண்டால் அவை ஓடுவதில்லை.

காலை நடையா, மதியமா? படம் எடுப்பவர்களுக்கு மதியம் மேல். காலையில் பெரும்பாலும் மர உச்சியில் பழம் தின்றுகொண்டிருக்கும். கீழே நிற்பவருக்குக் கழுத்து வலிதான் மிச்சம். வெயில் ஏறியதும் தரைக்கு இறங்கிப் படுக்கும், ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். மேல்நோக்கி எடுக்க நேர்ந்தால் வெளிர்வானத்துக்கு முன் கறுப்பு உடம்பு நிழலாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப்பாவது (இரு மடங்கு) கூட்டுங்கள். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200க்குக் கீழே இந்த இருட்டுக் காட்டில் தேறாது. ஃபிளாஷ் கூடவே கூடாது.

கண்ணில் படுவதும் படாததும் அத்திமரத்தின் கையில். பெரிய அத்தி பழுத்திருந்தால் கூட்டம் ஒரே இடத்தில் கிடைக்கும். பழம் குறைந்த நாட்களில் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்துவிடும். அப்போது கைடுக்கு உதவுவது காதுதான்: தூரத்து ஊளை, பெரிய மரங்களின் பலகை போன்ற வேரை உதைத்து மத்தளம் போல எழுப்பும் ஒலி. பேன்ட்டின் அடியை சாக்ஸுக்குள் செருகாமல் போனால் படையெறும்பு தொடைவரை ஏறிய பிறகுதான் தெரியும். எல்லாம் ஒரே நேரத்தில் கடிப்பது போல இருக்கும்.

விதிகளைக் கண்டு சலித்துக்கொள்பவர்கள் பலர்: மாஸ்க், எட்டுப் பத்து மீட்டர் இடைவெளி, சளி இருந்தால் அனுமதி இல்லை. பர்மிட் கட்டியவருக்கு மூக்கு ஒழுகினால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் 2013இல் இதே காட்டின் கன்யவாரா பகுதியில், நமக்கு வெறும் ஜலதோஷம் தரும் ரைனோவைரஸ் வகை ஒன்று 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் ஐந்தைக் கொன்றது. 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலுமாக, காட்டின் இன்னொரு பகுதியான இங்கோகோவில் இன்னொரு மனிதச் சுவாச வைரஸ் பரவி 25 செத்தன. ஐந்தாறு வருடத்துக்கு ஒரு குட்டி ஈனும் விலங்குக்கு இது எளிதில் ஈடுகட்டக்கூடிய இழப்பல்ல.

இந்தச் சேவையின் பலவீனமும் இந்த இடைவெளி விதியில்தான். ஒரு குழுவுக்கு ஆறு பேர் என்பது காகிதத்தில் சரி. பழுத்த மரம் ஒன்றே ஒன்று இருக்கும் நாளில் எல்லாக் குழுவும் அதன் அடியில்தான் வந்து நிற்கும். இடைவெளி சுருங்கும், நல்ல படத்துக்காக ஒருவரையொருவர் முந்துவார்கள். ஆட்கூட்டம் பிடிக்காதவர்கள், கால் வலு உள்ளவர்கள், கூடுதல் பணம் தந்து மனிதர்களுக்கு இன்னும் பழகிக்கொண்டிருக்கும் சிம்பன்சிகளை நாள் முழுக்கப் பின்தொடரும் பழக்கப்படுத்தல் நடையை எடுக்கலாம். விடியலில் கூட்டை விட்டு இறங்குவதிலிருந்து மாலையில் கிளைகளை மடித்துப் புதுக்கூடு கட்டுவதுவரை பார்க்கலாம்.

நடையின்போது விரலோ மணிக்கட்டோ இல்லாத சிம்பன்சி ஒன்று தென்படக்கூடும். அது கண்ணியின் வேலை. சிறுமானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைத்த கம்பிச் சுருக்கில் கை மாட்டும். இழுக்க இழுக்க இறுகும். கம்பி அறுந்தாலும் சுருக்கு கையிலேயே தங்கி, சதை அழுகும். கன்யவாராவில் ஆய்வுக் குழுவின் ஆட்கள் 1997 முதல் இந்தக் கண்ணிகளைத் தேடிப் பிடுங்கி வருகிறார்கள்.

தெற்கே இந்தக் காடு குயின் எலிசபெத் பூங்காவோடு ஒட்டுகிறது; யானைகள் நடமாடும் வழித்தடம் அது. அங்கே குடியேறியிருந்த ஆயிரக்கணக்கானோரை 1992இல் வெளியேற்றி, மறு ஆண்டு அந்த வழித்தடத்தைக் கிபாலே பூங்காவோடு சேர்த்தார்கள். அந்த வரலாற்றைப் பெரும்பாலான விளம்பரத் தாள்களில் காண முடியாது. சட்டப்படி சுற்றுவட்டார ஊர்களுக்குப் பங்கு போவது நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காடு. உங்கள் காசு ஊருக்கு நேராகப் போகவேண்டும் என்றால் அருகிலுள்ள பிகோடி சதுப்பு நிலத்தில் நடங்கள். ஊர்க்காரர்களே நடத்துவது. பறவை பார்ப்பவர்களுக்கு கன்யாஞ்சுவைவிட இதுதான் விருந்து.

கம்பாலாவிலிருந்து ஃபோர்ட் போர்ட்டல் போகும் நெடுஞ்சாலை வடக்கே செபிடோலியில் காட்டை ஊடறுக்கிறது. சிம்பன்சிகள் அந்தச் சாலையைக் கடக்கின்றன, அடிபடவும் செய்கின்றன. அந்தச் சில கிலோமீட்டரில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.