இலவச நுரையீரல் முகாமில் ஊதிய ஒரே ஒரு ஊதல்

கடந்த தை மாதம் நீலகிரியில் கேத்திப் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்த இலவச நுரையீரல் பரிசோதனை முகாமில் என் தந்தைக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். அதே நிறுவனம் அடுத்த மாதம் குன்னூரில் இன்னொரு முகாம் நடத்தப்போவதாகப் பேனர் கட்டியிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு வயது 61. தேயிலைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். அதில் பெரும்பகுதி சலிப்பறையில், பறக்கும் தூசிக்கு நடுவில் கழிந்தது. பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. ஐப்பசியில் தொடங்கிய வறட்டு இருமல் நிற்காததால், தூசி குடித்த நெஞ்சு தன் வேலையைக் காட்டுகிறது என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

புல்லின் மேல் உறைபனி இன்னும் கரையாத காலை நேரத்தில் நாங்கள் போனோம். மடிக்கணினியும் கையடக்கக் கருவியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இளைஞர் உயரத்தைக் கேட்டார். அப்பா, "அஞ்சேகால் அடி இருக்கும் தம்பி" என்றார். உயரத்தை அளக்கவில்லை, எடையும் வாய்மொழிதான். மூக்குக்குக் கிளிப் போடவில்லை. "நல்லா ஊதுங்க ஐயா" என்றதும் அப்பா விளக்கை அணைப்பதுபோல ஊதி, நடுவில் இருமி, இரண்டு விநாடியில் வாயை எடுத்துவிட்டார். "போதும், வந்திருச்சு" என்றார் இளைஞர். ஐந்து நிமிடத்தில் அச்சடித்த தாள் கைக்கு வந்தது. வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் (மருத்துவரா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை) அதைப் பார்த்துவிட்டு, நுரையீரல் 40 சதவீதம்கூட வேலை செய்யவில்லை, உடனே மருந்து தொடங்காவிட்டால் வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டிவரும் என்றார். அந்தப் பயத்தில் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சில் இழுக்கவைக்கும் கருவி), அதற்கான மருந்து, இன்ஹேலர் எல்லாவற்றுக்கும் 6,850 ரூபாய் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள்.

அவர்கள் சொன்னபடி நாளுக்கு மூன்று வேளை என ஒன்பது நாள் நெபுலைசர் வைத்தோம். இருமல் அப்படியே இருந்தது. ஆனால் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது, டீ டம்ளரைப் பிடித்தால் பாதி தரையில் சிந்தும் அளவுக்குக் கை நடுங்கியது. நெபுலைசரில் ஊற்றிய சால்பியூட்டமால் மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள் இவை என்பது, பத்தாம் நாள் கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய் ஒரு நுரையீரல் மருத்துவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அவர் அந்தத் தாளில் முதலில் பார்த்தது சதவீதத்தை அல்ல, கீழ் மூலையில் சிறிய எழுத்தில் இருந்த 'எஃப்' என்ற ஓர் எழுத்தை. ஆணான அப்பாவைப் பெண் என்று பதிந்துவிட்டார்களோ என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அது பரிசோதனையின் தர மதிப்பீடாம். ஏ முதல் எஃப் வரை போகும் அந்த வரிசையில் எஃப் என்றால், ஏற்கத்தக்க ஊதல் ஒன்றுகூட இல்லை என்று பொருள். அதாவது, தன் கணக்கை நம்ப வேண்டாம் என்று கருவியே அச்சடித்துக் கொடுத்திருந்தது. அந்தத் தாளை வைத்துத்தான் எங்களிடம் மருந்து விற்றிருக்கிறார்கள்.

ஸ்பைரோமெட்ரி என்னும் இந்தப் பரிசோதனையில் முக்கியமாகப் பார்க்கப்படுபவை இரண்டு அளவுகள். மூச்சை முழுக்க இழுத்து, வேகமாகவும் கடைசிவரையும் ஊதும்போது வெளிவரும் மொத்தக் காற்று எஃப்.வி.சி.; அதில் முதல் ஒரு விநாடியில் மட்டும் வெளிவருவது எஃப்.இ.வி.1. மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருந்தால் இரண்டாவது அளவு அதிகமாகக் குறையும், ஆகவே இரண்டுக்குமான விகிதம் விழும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் விகிதம் 0.70க்குக் கீழே இருந்தால்தான் சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயைப் பற்றியே பேசுகிறார்கள். அப்பாவின் முகாம் தாளில் எஃப்.வி.சி. 1.62 லிட்டர், எஃப்.இ.வி.1 1.18 லிட்டர், விகிதம் 0.73. கணினி அதற்கு 'கடுமையான ரெஸ்டிரிக்‌ஷன்', அதாவது நுரையீரலின் கொள்ளளவே குறைந்துவிட்டது, என்று பெயர் வைத்திருந்தது. பாதியில் நிறுத்திய ஊதலில் மொத்தக் காற்று குறைவாகத்தான் பதிவாகும்; அதை நோய் என்று படித்துவிட்டார்கள். உண்மையான ரெஸ்டிரிக்‌ஷனை உறுதிசெய்ய நுரையீரலின் முழுக் கொள்ளளவை அளக்கும் வேறு பரிசோதனை வேண்டும், ஊதும் கருவி மட்டும் அதற்குப் போதாது. இன்னொன்று, எங்களுக்கு விற்கப்பட்டவை குழாய்ச் சுருக்கத்தை விரிக்கும் மருந்துகள். அவர்களுடைய தாளே அப்படியொரு சுருக்கம் இருப்பதாகச் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான்.

உயரக் கட்டத்தில் 175 சென்டிமீட்டர் என்று இருந்தது. செருப்பைக் கழற்றி நிற்கவைத்து அளந்தபோது அப்பா 160. அஞ்சேகாலை அந்த இளைஞர் அஞ்சேமுக்கால் என்று வாங்கியிருக்கிறார் போலும். சதவீதம் என்பது வயது, பால், உயரம் ஆகியவற்றை வைத்துக் கருவி எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிடுவது. உயரத்தில் 15 சென்டிமீட்டர் கூடினால் எதிர்பார்ப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும், அதற்கேற்ப நம் சதவீதம் இறங்கிவிடும். போதாக்குறைக்கு ஒப்பீட்டு அளவுகோல் ஐரோப்பியர்களுக்கானது. அதில் வைத்தால் நம்மவர்களின் அளவு சற்றுக் குறைவாகவே தெரியும். அறை வெப்பநிலை 25 டிகிரி என்று அச்சாகியிருந்தது. அன்று அந்தக் கூடத்தில் நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தோம். வெளிவரும் மூச்சு குளிரில் சுருங்குவதால் அதை 37 டிகிரி உடல் வெப்பத்துக்கு மாற்றிக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அதனால் இந்த எண்ணும் வெறும் அலங்காரம் அல்ல.

கோவையில் நடந்த மறுபரிசோதனை முக்கால் மணி நேரம் எடுத்தது. அன்று காலை நெபுலைசர் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தொழில்நுட்பர் பெண்மணி முதலில் தானே ஊதிக் காட்டினார். அப்பாவின் மூக்கில் கிளிப் மாட்டி, "இன்னும், இன்னும், விடாதீங்க, இன்னும்" என்று பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தார். இருமல் வந்த இரண்டு ஊதல்களைத் தள்ளிவிட்டார். ஏற்கத்தக்க மூன்று வேண்டும், அவற்றில் சிறந்த இரண்டுக்குள் வித்தியாசம் 150 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. எஃப்.வி.சி. 2.91, 2.88, 2.79 என்று வந்தது, சிறந்த எஃப்.இ.வி.1 2.17. மருந்து கொடுத்து 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. காலையில் 3 லிட்டர் சிரிஞ்சால் கருவியைச் சரிபார்த்த பதிவேட்டையும், நான் கேட்டபோது, முகம் சுளிக்காமல் காட்டினார்.

நுரையீரல் வயதுக்கேற்ப நன்றாகவே இருக்கிறது என்றார் மருத்துவர். பிறகு அப்பா சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்டார். புரட்டாசி முதல் இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் சாப்பிட்டு வந்தார். அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். வேறு மாத்திரைக்கு மாற்றிய மூன்றாவது வாரத்தில் இருமல் நின்றது. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.)

நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால்தான் கோவையில் அளவு கூடிவிட்டது என்றார்கள். மருத்துவரிடம் சொன்னேன், சிரித்துவிட்டார். நம் மலைகளின் உயரத்தில் ஊதும் காற்றின் அளவில் பெரிய மாற்றம் வராது. காற்று மெலிதாக இருப்பதால் உச்ச வேகம் சற்றுக் கூடவே செய்யும், பாதியாகக் குறையாது என்றார்.

முகாமுக்குப் போவதென்று முடிவெடுத்தவர்கள், சதவீதம் மட்டும் உள்ள தாளை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். ஊதல்களின் வளைகோடுகளும் எல்லா முயற்சிகளின் எண்களும் உள்ள பக்கத்தைக் கேளுங்கள். ஒரே ஒரு ஊதலோடு அனுப்பினால் மருந்து வாங்காமல் கிளம்பிவிடுங்கள். பணம் கொடுத்தால் முறையான பில் வாங்குங்கள். நாங்கள் வாங்காததால், நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்த புகாருக்கு இன்றுவரை அந்தத் துண்டுச்சீட்டும் இரண்டு தாள்களுமே ஆதாரம்.

குன்னூர் பேனரைப் பார்த்துவிட்டு, அப்பாவுடன் சலிப்பறையில் வேலை பார்த்த ஒருவர் நேற்று போன் செய்தார். நான் பேசுவதற்குள் அப்பாவே வாங்கி, "போறதுன்னா போப்பா, ஆனா உயரத்தை வாயால சொல்லாத, செருப்பைக் கழட்டிட்டு நின்னு அளக்கச் சொல்லு" என்றார்.