லேவுக்குச் சரக்கு லாரி: ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா?

லடாக்கின் லே நகருக்கு லாரி போக முக்கியமாக இரண்டு சாலைகள். தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை, இரண்டுமே 400 கி.மீ.க்கு மேல். பனி விழத் தொடங்கினால்தான் கதை மாறும்.

ஸ்ரீநகர் வழியில் பெரிய தலைவலி ஒன்றே ஒன்று: சோஜிலா கணவாய். உயரம் சுமார் 3,500 மீட்டர்தான். ஆனால் பாதை குறுகல், ஒரு பக்கம் பாதாளம், மறுபக்கம் பனிச்சரிவு. அதனால் லாரிகளைப் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் விடுவார்கள். கணவாய்க்கு முன்னால் உள்ள சோனமார்க்கில் வரிசையில் நின்று சோறாக்கிச் சாப்பிடுவதெல்லாம் சாதாரணம். தாண்டிவிட்டால் திராஸ், கார்கில் என ஊர்கள் வரும். டீசல், சாப்பாடு, மெக்கானிக் எல்லாம் கிடைக்கும்.

மணாலி வழியில் 2020-இல் திறந்த 9 கி.மீ. அடல் சுரங்கம் ரோதாங் கணவாயைத் தவிர்த்துவிட்டது, சரி. அப்புறம்? பாரலாச்சா, லாச்சுங்லா, 5,300 மீட்டரைத் தொடும் தங்லங்லா என்று கணவாய்கள் வரிசை கட்டி நிற்கும். நடுவே சர்ச்சுவில் இரவு தங்கினால் 4,200 மீட்டருக்கு மேல் தூக்கமே வராது, தலை வெடிக்கும். அந்தக் குளிரில் சாதாரண டீசல் மெழுகுபோல் உறைந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். உதவிக்கு ஆள் கிடைப்பதும் அபூர்வம்.

அக்டோபர் கடைசியில் பாரம் ஏற்றினால் நான் சோஜிலாவைத்தான் சொல்வேன். இரண்டு நாள் காத்திருந்தாலும் பரவாயில்லை. எந்த வழியானாலும் டயர் சங்கிலியை ஏற்றம் தொடங்குமுன்பே மாட்டிவிடுங்கள், சறுக்கிய பிறகு அல்ல.