பாரியோவிலிருந்து பா லுங்கான் வரை: மாணவர்களுடன் ஒரு காட்டு நடை

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், இந்தோனேசிய எல்லையை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கெலாபிட் மேட்டுநிலம் இருக்கிறது. கடந்த ஆகஸ்டில் எங்கள் கல்லூரி மாணவர்கள் பன்னிரண்டு பேரை ஐந்து நாள் பயணமாக அங்கு அழைத்துச் சென்றோம். விமானம், வழிகாட்டி, தங்கும் வீடு ஆகிய மூன்றையும் ஒரு பயண நிறுவனம் சேர்த்து ஏற்பாடு செய்து தந்தது. வழிகாட்டிக்கும் வீட்டுக்காரர்களுக்கும் முழு மதிப்பெண் தருவேன். நிறுவனத்தின் திட்டமிடலுக்குப் பாதி தருவதே தாராளம்.

முதல் குறை காலணியில் தொடங்கியது. நிறுவனம் அனுப்பிய பட்டியலில் விலையுயர்ந்த மலையேற்றக் காலணி கட்டாயம் என்று இருந்ததால், பெற்றோர் கடன் வாங்காத குறையாக அவற்றை வாங்கிக் கொடுத்திருந்தனர். மேட்டுநிலத்தின் முக்கிய ஊரான பாரியோவில் எங்களை வரவேற்ற கெலாபிட் இன வழிகாட்டியின் காலில் இருந்ததோ, சரவாக்கில் எல்லாரும் ‘கம்போங் அடிடாஸ்’ என்று அழைக்கும், கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர்க் காலணி. அது தண்ணீரைக் குடிக்காது, சேற்றில் வழுக்காது, கழுவியவுடன் காய்ந்துவிடும். எங்கள் மாணவர்களின் தோல் காலணிகள் முதல் நாள் குடித்த நீரை ஊர் திரும்பும்வரை விடவில்லை. மீரி நகரில் விமானம் ஏறுமுன் அந்த ரப்பர்க் காலணியில் ஒரு ஜோடியும் அட்டைக்கடியைத் தடுக்கும் நீள உறையும் வாங்கிக்கொண்டால் போதும்.

பாரியோவிலிருந்து பா லுங்கான் கிராமத்திற்கு நான்கு மணி நேர நடை என்றார்கள். நாங்கள் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். தொடக்கத்தில் வயல்வெளியையும் எருமை மேயும் புல்வெளியையும் கடந்து செல்லும் பாதை, காட்டுக்குள் நுழைந்ததும் எருமைகள் சுமை இழுத்துக் குழப்பிய சேறாகிவிடுகிறது. ஓரிடத்தில் மரங்கள் திடீரென்று மெலிந்து, மண் வெளுத்து, பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகள் தென்பட்டன. இவ்வகைக் காட்டுக்குக் ‘கெரங்காஸ்’ என்று பெயர் என்றும், நெல் விளையாத நிலம் என்பதே சரவாக்கின் இபான் மக்கள் மொழியில் அதன் பொருள் என்றும் வழிகாட்டி விளக்கினார். தாவரவியல் வகுப்பில் நான் ஒரு மணி நேரம் சொல்லியும் பதியாத செய்தி, அங்கே ஒரே நிமிடத்தில் பதிந்தது.

இந்தப் பயணத்தின் உண்மையான மதிப்பு வீடுகளில்தான் இருக்கிறது. நாங்கள் சென்றபோது நடவு நடந்துகொண்டிருந்தது. ஆண்டுக்கு ஒரே போகம் விளையும் பாரியோ நெல்லின் நாற்றை வீட்டம்மா ஒரு கையில் கொத்தாகப் பிடித்து, மறுகைப் பெருவிரலால் சேற்றில் அழுத்தி நட்டுக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் மாணவர்கள் நட்ட வரிசை பாம்பு நெளிவதைப்போல் கிடந்தது. அவர் திட்டவில்லை, மாலையில் சத்தமில்லாமல் போய் எல்லாவற்றையும் பிடுங்கி மீண்டும் நட்டார். இரவில் அதே அரிசியைக் குழைய வேகவைத்து இலையில் பொட்டலமாகக் கட்டிய ‘நூபா லாயா’வைப் பரிமாறினார். நம் கட்டுச்சோற்றை நினைவூட்டும் அந்த உணவுடன் காட்டுப்பன்றி வறுவலும் கீரையாகச் சமைத்த பெரணித் தளிரும் அன்னாசியும் வந்தன. சைவ மாணவிகள் இருவரும் தளிரையும் அன்னாசியையும் கொண்டே மூன்று வேளையை நிறைவாகக் கழித்தனர் என்றாலும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நிறுவனத்திடம் நாங்கள் சொல்லியிருந்தோம். அச்செய்தி வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

அதைவிடப் பெரிய குறை, பா லுங்கானில் ஒரே இரவு தங்க வைத்தது. இரண்டாம் நாள் காலை, கால் வலி தீருமுன்பே திரும்பி நடக்க வேண்டியதாயிற்று. மீதி நாட்களைப் பாரியோவில் கழித்ததில் பா உமோர் கிராமத்தின் உப்பு ஊற்றைக் கண்டது மட்டுமே ஆறுதல். ஊற்றுநீரைப் பெரிய கலன்களில் காய்ச்சி, கிடைத்த உப்பை மூங்கில் குழாயில் அடைத்துத் தீயிலிட்டு, மூங்கில் கருகியபின் கட்டியாக எடுக்கிறார்கள். தேதியை நீங்களே முடிவு செய்ய முடிந்தால் பா லுங்கானில் மூன்று இரவு கேளுங்கள். நாம் செலுத்தும் தொகையில் எவ்வளவு வீட்டுக்காரருக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள்; நாங்கள் இருமுறை கேட்டும் நிறுவனம் பதில் தரவில்லை.

மீரிக்குத் திரும்பும் விமானம் 19 இருக்கைகள் கொண்ட ட்வின் ஓட்டர். பெட்டியை மட்டுமின்றி ஆளையும் எடை போடுவார்கள். பெட்டிக்கு 10 கிலோதான் அனுமதி. வீட்டம்மா கொடுத்தனுப்பிய அரிசிக்கு இடம் விடுவதற்காக, நான்கு மாணவர்கள் தங்கள் ஈரக் காலணிகளைப் பாரியோ நிலையத்திலேயே விட்டுவிட்டு ரப்பர்ச் செருப்புடன் ஏறினர்.