ஆறு குளிர்காலம், ஏழு வால்வு

லண்டன் ஹாரோவில் இந்தப் பழைய வீட்டுக்கு 2019 கோடையில் குடிவந்தோம். பாய்லரில் சூடான வெந்நீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் ஏழு ரேடியேட்டர், ஒவ்வொன்றின் ஓரத்திலும் 0 முதல் 5 வரை எண் போட்ட வெள்ளைத் திருகு. மதுரைக்காரனான எனக்கு அது ஃபேன் ரெகுலேட்டராகத்தான் தெரிந்தது. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்று நம்பியே முதல் குளிர்காலத்தில் பாதியை ஓட்டினேன்.

இங்கே எல்லோரும் டி.ஆர்.வி (தெர்மோஸ்டாட்டிக் ரேடியேட்டர் வால்வு) என்று சொல்லும் இந்த வால்வு உண்மையில் இஸ்திரிப் பெட்டி ஜாதி. அறை எவ்வளவு சூடானதும் வெந்நீரை நிறுத்த வேண்டும் என்பதைத்தான் எண் சொல்கிறது. 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. திருகின் தலைக்குள் மெழுகோ திரவமோ இருக்கும். அறைக்காற்று சூடாக ஆக அது விரிந்து, கீழே வால்வில் இருக்கும் ஊசியை அழுத்தும். ஊசி இறங்கினால் தண்ணீர் நிற்கும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். டென்மார்க்கின் மாட்ஸ் கிளவுசன் 1943-இல் கண்டுபிடித்தது இன்றும் அப்படியே ஓடுகிறது.

ஓடாமல் போனது எங்கள் மாடி படுக்கையறையில். அந்த அக்டோபரில் ஹீட்டிங் போட்டதும் மற்ற அறைகள் எல்லாம் சூடாக, அது மட்டும் ஐஸ். வந்து பார்த்த பிளம்பர், முழுத் தண்ணீரையும் இறக்கி வால்வையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஐயாவிடம் புலம்பினேன். "தம்பி, காசு குடுக்க முதல் உந்தத் தலையை ஒருக்கா கழட்டிப் பாரும்" என்றார்.

அவரே வந்து காட்டினார். முதலில் திருகை 5-க்கு வைத்தார். இல்லையென்றால் தலை ஊசியை அழுத்திக்கொண்டே இருக்குமாம். கீழே உள்ள வளையத்தைக் கையாலேயே இடப்பக்கம் சுற்ற, தலை கழன்றது. நடுவில் நெல்மணி அளவுக்கு ஓர் ஊசி. விட்டால் தானாக மேலே நிற்க வேண்டிய ஊசி, உள்ளே அமுங்கியபடி மாட்டியிருந்தது. கோடை முழுக்க மூடியே கிடந்தால் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். வால்வின் பக்கவாட்டில் ஸ்பேனர் பிடியால் மெதுவாக நாலு தட்டு, ஊசி ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய், கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி விடுவது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு டக்கென்று எம்பியது. ஓரிரு மில்லிமீட்டர்தான். குழாயில் சலசலவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டபோது என் மனைவி கீழேயிருந்து கைதட்டினாள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: இடுக்கியால் பிடித்து இழுக்கவே கூடாது. ஊசி பிடுங்கிக்கொண்டு வந்தால் வெந்நீர் முகத்தில் பீய்ச்சும்.

அதிலிருந்து ஏப்ரலில் ஹீட்டிங்கை நிறுத்தியதும் எல்லாத் திருகையும் 5-இல் விட்டுவிடுகிறேன். ஊசி மேலேயே நிற்கும். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் ஒட்டியது, அதுவும் நான் மறந்த வருடம்.

மற்ற தொல்லைகள் வால்வின் குற்றமே இல்லை. ஹாலில் சோபாவை ரேடியேட்டரை ஒட்டிப் போட்டிருந்தோம். சோபாவுக்குப் பின்னால் தேங்கிய சூட்டை அறைச்சூடு என்று நினைத்து வால்வு மூடிக்கொள்ள, நாங்கள் போர்வைக்குள். சோபாவை நகர்த்தினேன், சரியானது. வாசல் நடை கதை இன்னும் வேடிக்கை. பாய்லரை ஓட்டி நிறுத்தும் சுவர் தெர்மோஸ்டாட் அங்கேதான் இருக்கிறது. முன்பு இருந்தவர்கள் அதே இடத்து ரேடியேட்டருக்கும் டி.ஆர்.வி போட்டிருந்தார்கள். வால்வு முந்திக்கொண்டு மூடும், நடை சூடாகாது, சுவரில் உள்ளது பாய்லரை நிறுத்தவே விடாது. கேஸ் பில்லைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அந்தத் தலையைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன். தலை இல்லாவிட்டால் வால்வு முழுக்கத் திறந்தே இருக்கும்.

2022-இல் ஆசைப்பட்டு இரண்டு அறைகளுக்கு மோட்டாரில் ஓடும் ஸ்மார்ட் தலை வாங்கினேன். மகன் அறையில் நேரத்துக்கு ஏற்ப மாற்ற வசதிதான், வாரம் ஒருமுறை தானே ஊசியை ஏற்றி இறக்கி ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ராத்திரியில் ர்ர்ர் என்று மோட்டார் சத்தம், ஜனவரிக் குளிரில் பேட்டரி தீர்வது இரண்டும் உண்டு. மற்ற அறைகளுக்கு வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன்.

இப்போது மிச்சம் பாத்ரூம் வால்வு. ஊசியைச் சுற்றி நீர் கசிந்து பச்சை பூத்திருக்கிறது. கரண்டி வைத்தியத்துக்கு அது அடங்காது என்று ஐயாவே சொல்லிவிட்டார். செப்டம்பருக்கு வேறொரு பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அடியில் ஒரு தயிர் டப்பா.