லிமிட்டரை ஏற்றிவிட்டு 'மிக்ஸிங்' என்று பில் போடுகிறார்கள், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சொந்தமாகப் பாட்டு பண்ணி யூடியூப்பிலும் ஸ்பாட்டிஃபையிலும் போடுகிற நண்பர்களுக்காக எழுதுகிறேன். லிமிட்டர் என்பது ஒரு எல்லையைத் தாண்டும் சத்தத்தை அமுக்கிப் பிடிக்கிற கருவி. சாலிகிராமம் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோ. பெயர் கேட்காதீர்கள், இதே வேலை வேறு இடங்களிலும் நடக்கிறது என்று கேள்வி. மூன்று பாட்டுக்கு மிக்ஸிங் (தனித்தனி டிராக்குகளை அளவு பார்த்து ஒரே பாட்டாகச் சேர்ப்பது), மாஸ்டரிங் (அதற்குக் கடைசி மெருகு) சேர்த்து 18,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். வாய்ஸ், வயலின், மிருதங்கம், பேஸ் கிட்டார், தம்புரா, அவ்வளவுதான் டிராக்.

அங்கே போட்டுக் காட்டியபோது அசத்தலாகத்தான் இருந்தது, ஏமாற்று வேலையே அங்குதான். நாங்கள் கொடுத்த டிராக்குகளை முதலில் மெதுவாக ஓட்டிவிட்டு, அடுத்த நொடி அவர்கள் செய்ததைப் பெரிய ஸ்பீக்கரில் பயங்கர சத்தமாகப் போடுவார்கள், சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகத்தான் யார் காதுக்கும் தோன்றும். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் காட்டுங்கள் என்றதற்கு "அப்படிக் கேட்டா வித்தியாசம் தெரியாது சார்" என்று ஸ்டுடியோக்காரர் பதில். சரியான பதில்தான், அவர் நினைத்த அர்த்தத்தில் இல்லை.

வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டால் கதை வேறு. பேஸ் விழும்போதெல்லாம் வாய்ஸ் உள்ளே அமுங்கி அப்புறம் மேலே வருகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் விழுகிற அடியின் முனையே காணோம், மொத்தையாக ஒரு தட்டல். பாடகி மூச்சு இழுப்பது வரியைவிடப் பெரிதாகக் கேட்கிறது, பாட்டு நிற்கிற இடைவெளியிலெல்லாம் தம்புரா குபுக்கென்று எழும்புகிறது. பல்லவியைத் தாழ்த்திப் பாடி, சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகிறாள் பாவம், இரண்டும் ஒரே சத்தம்.

நேரில் போய் ஸ்கிரீனைக் காட்டச் சொன்னேன். ஃபேடர் (ஒவ்வொரு டிராக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற கட்டை) ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை, எல்லாம் வரிசையாகப் பூஜ்யத்தில். ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு லிமிட்டர், கடைசியில், எல்லாம் சேர்ந்து வெளியே வருகிற மாஸ்டரில் இன்னொன்று, அதில் கெயின் ரிடக்‌ஷன் 10 டெசிபல் வரை ஆடிக்கொண்டிருந்தது, அதாவது அவ்வளவு சத்தத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. "லிமிட்டர் போட்டா எல்லாமே ஒரே லெவலுக்கு வந்துடும் சார்" என்றார். இதற்கா காசு?

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரஸரில் 4:1 என்று வைத்தால், த்ரெஷோல்டை (அது அமுக்கத் தொடங்குகிற எல்லையை) 8 டெசிபல் தாண்டுகிற சத்தம் 2 டெசிபல்தான் தாண்டி வெளியே வரும். லிமிட்டர் தாண்டவே விடாது. எந்தக் கருவி முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் என்பதை இவை இரண்டும் முடிவு செய்யாது, அது ஃபேடரில் காதால் செய்கிற வேலை. வாய்ஸில் ஒரு வரி தாழ்ந்தால் ஆட்டோமேஷனில் (ஃபேடர் பாட்டின் அந்தந்த இடத்தில் தானாக அசையும்படி வைப்பது) அந்த வரியை மட்டும் ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகும் மிச்சமிருக்கிற ஏற்ற இறக்கத்துக்குத்தான் கம்ப்ரஸர். மிருதங்கத்துக்கு அட்டாக்கை (கம்ப்ரஸர் அமுக்க எடுத்துக்கொள்கிற நேரத்தை) கொஞ்சம் தாமதமாக வைத்தால்தான் அடியின் முனை தப்பும், இவர்கள் வைத்திருந்தது இருப்பதிலேயே வேகமானது. மாஸ்டர் லிமிட்டரோ மொத்த சத்தத்தையும் ஒன்றாகத்தான் பார்க்கும். பேஸ் முட்டினால் அது பேஸை மட்டும் குறைக்காது, எல்லாவற்றையும் சேர்த்துக் குறைக்கும், வாய்ஸ் அமுங்கியது அதனால்தான்.

இத்தனைக்கும் கிடைத்த லாபம் என்ன? யூலீன் லௌட்னஸ் மீட்டரில் (இலவசமாகவே கிடைக்கும்) போட்டுப் பார்த்தேன், மைனஸ் 6.8 எல்யுஎஃப்எஸ் (பாட்டின் சராசரி சத்தத்துக்கான அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க சத்தம் அதிகம்). ஸ்பாட்டிஃபை சாதாரணமாக மைனஸ் 14க்கு இறக்கித்தான் ஒலிக்க வைக்கும். யூடியூப்பில் ஏற்றி வீடியோவில் ரைட் கிளிக் செய்து 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால் கன்டென்ட் லௌட்னஸ் 7.2 டெசிபல் (யூடியூப்பின் அளவைவிட அவ்வளவு அதிகம்), வால்யூம் 44 சதவீதம் என்று காட்டுகிறது. அதாவது இவர்கள் நசுக்கி ஏற்றிய சத்தத்தை யூடியூப் அப்படியே இறக்கிவிட்டது, நசுங்கல் மட்டும் மிச்சம். ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) வேறு பிளஸ் 0.9 டெசிபல், இதை ஏஏசியாக (சுருக்கிய ஆடியோ வடிவம்) மாற்றும்போது கரகரப்பு வராமல் என்ன செய்யும்? மைனஸ் 1க்குக் கீழே நிறுத்துவது இந்தத் தொழிலில் பாலபாடம்.

சத்தமான மாஸ்டரே தப்பு என்று சொல்லவில்லை. குத்துப் பாட்டுக்கும் ஹிப்ஹாப்புக்கும் மைனஸ் 8 வரை போய் அழகாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் மிக்ஸை முடித்துவிட்டுத்தான் அங்கே போகிறார்கள்.

அதனால் பணம் பேசும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: மாஸ்டரில் லிமிட்டர் இல்லாத மிக்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக, பீக் மைனஸ் 6 பக்கம் இருக்கும்படி தர வேண்டும் என்று. லிமிட்டரை எடுத்தவுடன் பாட்டு குலைந்துபோனால் அங்கே மிக்ஸே நடக்கவில்லை. உங்கள் ஒரிஜினல் ரெக்கார்டிங்கை எந்தக் காரணத்துக்கும் அழிக்காதீர்கள், நசுங்கி எக்ஸ்போர்ட் ஆன ஃபைலிலிருந்து பழையதை மீட்க வழியில்லை.

'லிமிட்டரைக் குறைக்க' பாட்டுக்கு 1,500 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன், மீதி 9,000 கொடுக்கவும் இல்லை. ஒரிஜினல் டிராக்குகள் எங்கள் டிஸ்கில் இருந்ததால் இப்போது வேறொருவர் முதலிலிருந்து மிக்ஸ் செய்கிறார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், "ஓனர் ஊரில் இல்லை" என்கிறார்கள். வந்தால் இங்கேயே சொல்கிறேன்.