தேடல் தரத்தை அளக்க: கிளிக்கா, ஜோடி ஒப்பீடா, மதிப்பெண்ணா?

தளத்துக்குள் தேடல் பெட்டி வைத்திருப்பவர்கள் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு: கிளிக் கணக்கு, இரண்டு முடிவுப் பட்டியல்களை அருகருகே வைத்து எது மேல் என்று கேட்பது, ஒவ்வொரு முடிவுக்கும் ஆள் வைத்து மதிப்பெண் போடுவது. நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது.

கிளிக் கணக்குக்குத் தனிச் செலவில்லை. ஆனால் எது மேலே இருக்கிறதோ அதற்கே கிளிக் அதிகம் விழும். 'சென்னை மழை' என்று தேடியவருக்கு முடிவுப் பக்கத்திலேயே விடை கிடைத்துவிட்டால் கிளிக்கே விழாது. கணக்கில் அது தோல்வி.

மதிப்பெண்ணுக்கு, கூகுள் தன் மதிப்பீட்டாளர்களுக்குத் தரும் ஐந்து படிகளே போதும். தேவையை முழுமையாக நிறைவேற்றினால் 4, கொஞ்சமும் நிறைவேற்றாவிட்டால் 0. 'பட்டா சிட்டா' தேடலுக்கு அரசின் இணையச் சேவைப் பக்கம் 4. விண்ணப்பிக்கும் முறையைச் சொல்லும் கட்டுரை 2. தலைப்பில் மட்டும் பட்டா, உள்ளே விளம்பரம் என்றால் 0. மதிப்பிடும் முன்பே 'தன் நிலத்தின் பட்டாவைத் தரவிறக்க வந்தவர்' என்று தேவையை ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். இருவர் மதிப்பெண்ணில் இரண்டு படி வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் இந்த வரி விடுபட்டிருக்கும். தேடல்களைப் பொறுக்கும்போது அடிக்கடி வருபவற்றோடு நின்றுவிடாதீர்கள். எழுத்துப்பிழையோடு வருபவை, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் எல்லாம் இருக்கட்டும்.

என்னைச் சாய வைத்தது பராமரிப்புதான். 200 தேடல், தலா 10 முடிவு என்றால் முதல் தடவை 2,000 மதிப்பெண். கனமான வேலை. ஆனால் தரவரிசை முறையை மாற்றும்போது, முதல் பத்துக்குள் புதிதாக நுழைந்த பக்கங்களை மட்டும் மதிப்பிட்டால் போதும். பழைய மதிப்பெண்கள் அப்படியே உதவும். ஜோடி ஒப்பீட்டில் ஒரு பட்டியல் மாறினாலே பழைய தீர்ப்பு செல்லாது. தரவரிசை முறையின் ஐந்து வடிவங்களை ஒன்றோடொன்று மோதவிட்டால் 10 ஜோடிகள், ஒவ்வொன்றுக்கும் 200 தேடல்.

இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மதிப்பிடாத பக்கத்தைப் பல நிரல்கள் 0 என்றே எடுத்துக்கொள்ளும். நல்ல புதுப் பக்கங்களைக் கொண்டுவந்த வடிவமே அப்போது தோற்றதாகத் தெரியும். அதனால் என்டிசிஜி (மேலே வரும் முடிவுக்குக் கூடுதல் எடை தந்து, பட்டியலின் மதிப்பெண்களை ஒரே எண்ணாக்கும் அளவு) கணக்கிடும் முன், முதல் பத்தில் மதிப்பெண் இல்லாதவை எத்தனை என்று எண்ணி, அவற்றை மதிப்பிட்டு முடியுங்கள். பேருந்துக் கட்டணம், தேர்வு முடிவு போன்றவற்றுக்குத் தேதி குறித்துவைத்து, காலாவதியானதும் மறுபடி பாருங்கள்.

மதிப்பெண்ணுக்குத் தெரியாத ஒன்று ஜோடி ஒப்பீட்டுக்குத் தெரியும். ஒரே செய்தியின் ஐந்து நகல்கள் தனித்தனியே 3 வாங்கிவிடும். பட்டியலாகப் பார்த்தால் குப்பை. வெளியிடும் முன் 50 தேடல்களுக்கு, இடம் வலம் குலுக்கிப்போட்டு, ஒரு ஒப்பீடு நடத்துவது நல்லது.

ஆட்களுக்குப் பதில் மொழி மாதிரிகளை (சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவை) மதிப்பெண் போடவைப்பதில், தமிழைப் பொறுத்தவரை என் அனுபவம் குறைவு. ஆட்கள் போட்ட மதிப்பெண்ணோடு ஒத்துப்பார்க்காமல் அதை நம்பி இறங்கச் சொல்லமாட்டேன்.